மூணு பாட்டில் ரத்தம்

எங்கள் தெருவில் பாவு போட்டால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. விடியற்காலை நாலரைக்குத் தெருவின் இரண்டு முனையிலும் கட்டையை நட்டு, பட்டிழையை நீட்டி இழுத்துக் கட்டி, ஒருத்தன் கஞ்சிக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால் போதும். பத்துப் பன்னிரண்டு பேர் அவனவன் வீட்டிலிருந்து இறங்கி வந்து பாவுக்கு ரெண்டு பக்கமும் நின்றுவிடுவான். கூலி கிடையாது. இன்றைக்கு உன் பாவு, நாளைக்கு என் பாவு. சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை இல்லாதவன்கூட வந்து, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு கை கொடுத்துவிட்டுப் போவான்.

அப்படிப்பட்ட தெருதான், ஒரு பொம்பளைக்கு மூன்று பாட்டில் ரத்தம் வேண்டும் என்றபோது சந்து சந்தாக ஓடி ஒளிந்தது. பிள்ளையார்பாளையத்தில் எழுபத்திரண்டாம் வருஷம் வைகாசியில் நடந்தது. கோபித்துக்கொள்கிறவன் கோபித்துக்கொள்ளட்டும்.

பூவராகவன் எனக்கு எதிர்வீடு. அவன், அவன் அம்மா லோகாம்பாள், பெண்சாதி அம்சா, மூன்று வயசில் ஒரு பெண் குழந்தை. கரையைத் தனியாகக் கோர்க்கிற கோர்வைப் புடவைக்குத் தறியில் ரெண்டு பேர் உட்கார வேண்டும். இந்தப் பக்கம் நூலைக் கொண்டு ஓடுகிற நாடாவை அவன் தள்ளுவான், அந்தப் பக்கத்துக் கரை நாடாவை அம்சா தள்ளுவாள். எட்டாம் மாச வயிற்றோடும் தள்ளிக்கொண்டுதான் இருந்தாள். முகூர்த்தக் காலம், என்ன செய்வது. "போதும்மா, எறங்கி வா" என்று நான் வாசலிலிருந்து சத்தம் போட்டால், "நீங்க வந்து உக்காருங்க மாமா, நான் போய்ப் படுத்துக்கறேன்" என்பாள். எனக்கு முட்டி மடங்காமல் போய் ஆறு வருஷம் ஆகிறது, தறிக்குழியில் கால் வைக்க முடியாது என்பது தெரிந்தே சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வலி ஒன்றுமில்லாமல் அவள் உட்கார்ந்திருந்த பலகையெல்லாம் ரத்தம். ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். லேடி டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்து, ஒளிக்காமல் சொன்னாள். நஞ்சுக்கொடி கீழே வந்து வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. இப்போதைக்கு ரத்தம் நின்றிருக்கிறது, அசையாமல் படுத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுக்க முடியும். அதற்கு முன்னால் அவளுக்குச் சேருகிற ரத்தம் மூன்று பாட்டில் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் கத்தி வைத்தால் மேசையிலேயே போய்விடுவாள். மெட்ராஸுக்கு அனுப்பலாம் என்றால் நாற்பத்தைந்து மைல் குலுக்கலில், வழியில் மறுபடி கொட்ட ஆரம்பித்தால் யாராலும் நிறுத்த முடியாது.

"உங்க தெருவுல ஆம்பளைங்க எத்தினி பேர் இருப்பீங்க?" என்று கேட்டாள்.

"நூறு பேருக்கு மேல இருப்போம்மா" என்றேன்.

"அப்ப என்ன கவலை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

செவ்வாய்க்கிழமை பூவராகவன் பாவு. வேண்டாம் என்றுதான் சொன்னான். கஞ்சிக்குத் தயாராகிவிட்ட பாவை நாள் தள்ளினால் இழை பாழாகிவிடும் என்று நான்தான் போடச் சொன்னேன். பதினாலு பேர் வந்தார்கள். முட்டி போனாலும் எனக்குக் கை போகவில்லை. கஞ்சி தெளித்ததும் பெரிய நார்ப் பிரஷை எடுத்து முனைக்கு முனை நீவிவிடுகிற வேலை எங்கள் தெருவில் இன்னும் என்னுடையதுதான். வேறு யார் நீவினாலும் இழை மொசுமொசுவென்று எழுந்துகொள்ளும்.

எங்களில் ஒரு பழக்கம் உண்டு. பாவுக்குக் கை வைத்தவன் அது காய்ந்து பாவுக் கட்டையில் சுற்றி முடிகிறவரை பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படவிட மாட்டான். எச்சில் கை பட்டால் இழை அறுந்துபோகும் என்று முன்னோர் வைத்துவிட்டுப் போனது. சாதாரணமாக ஏழு ஏழரைக்கு முடிந்துவிடும். அன்றைக்குக் காற்று தப்பாக அடித்து இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, முடிய ஒன்பதரை ஆகிவிட்டது. அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன். பதினாலு தலையும் ஆடியது. பூவராகவனின் அக்கா புருஷன் ராஜவேலு, தெருவிலேயே வாட்டசாட்டமானவன், சிரித்தான்.

"எதுக்கு மாமா அத்தினி பேரு? என் ஒருத்தன்கிட்டயே மூணையும் புடிச்சிக்கச் சொல்லு" என்றான்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே கிளம்பினான். நானும் கூடப் போனேன். வைகாசி வெயிலில் ரெண்டு மைல் நடை. ஊசி குத்தி ஒரு பாட்டில் எடுத்தார்கள். டூரிங் கொட்டகையில் மல்லாந்து படம் பார்க்கிறவன் மாதிரி படுத்திருந்தான். முடிந்ததும் அங்கே வேலை செய்கிற அன்னம்மாள் என்கிற பொம்பளை ஒரு அலுமினிய டம்ளரில் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். வாலாஜாபாத் பக்கத்துச் சேரியிலிருந்து வருகிறவள், வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். ராஜவேலு டம்ளரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வேண்டாம் என்றான்.

"குடிச்சிட்டுச் சித்த நேரம் குந்திட்டுப் போப்பா."

"வூட்டுல போய்க் குடிச்சிக்கறேன்."

ஏன் வேண்டாம் என்றான் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவன் ரத்தம் அம்சாவுக்குச் சேராத ரகம் என்று வேறு சொன்னார்கள். முகம் சுண்டிப்போய் விருட்டென்று எழுந்து நடந்தான். கேட்டுக்கு வெளியே வந்ததும் மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தான். நின்றிருந்த ஜட்காவின் படியில் புருவம் கிழிந்து, வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம்.

நாங்கள் வீடு வந்து சேருவதற்குள் சேதி தெருவுக்கு வந்துவிட்டது. ராஜவேலுவையே கவிழ்த்துவிட்டது, நாமெல்லாம் எம்மாத்திரம். ரத்தம் எடுத்தால் தறி அடிக்கிற கை செத்துப்போகும். ஒரு பாட்டில் என்று சொல்லி மூன்று பாட்டில் உறிஞ்சிவிட்டார்கள். எடுத்ததும் அம்சாவுக்கு ஏற்றவில்லை, எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். சாயங்காலத்துக்குள் கதை இப்படி நீண்டுவிட்டது.

புதன்கிழமை முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினேன். முந்தின நாள் தலையாட்டிய பதினாலு பேரில் ஒருத்தனுக்குக் கிருத்திகை விரதம். ஒருத்தனுக்கு மாமியார் செத்து வருஷம் திரும்பவில்லையாம். துரைக்கண்ணு கக்கூஸில் இருப்பதாக அவன் பெண்சாதி சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்துப் போனாலும் அங்கேதான் இருந்தான். ஒருத்தன் என்னைப் பார்த்ததும் தறிக்குழியில் இறங்கி, நூல் ஏற்றாத நாடாவை வெறுமனே தள்ளிக்கொண்டிருந்தான். நூல் இல்லாத சத்தம் எனக்குத் தெரியாதா? கண்ணாயிரம் மட்டும் கதவைத் திறந்து நேருக்கு நேர் சொன்னான்.

"பயமா இருக்குது பெரீப்பா. பொய் சொல்ல வரல."

அவனை நான் திட்டவில்லை.

கோதண்டபாணி எங்கள் தெருவுக்குப் பெரிய மனுஷன். மூன்று தறி, பூவராகவனுக்குப் பெரியப்பன் முறை. அவர் சொன்னால் பத்துப் பேர் எழுந்து வருவான். போய் நின்றேன். மெட்ராஸில் ரத்தம் விற்கிறவன் இருக்கிறான், காசை விட்டெறிந்தால் வந்து கொடுத்துவிட்டுப் போகிறான், குடும்பக்காரன் உடம்பை எதற்குக் கெடுக்கிறாய் என்றார். யார் போய் எப்போது கூட்டிக்கொண்டு வருவது, அவன் என்ன நோயோடு வருவான் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை அவர் பாவாம். அதற்கு வந்துவிடச் சொன்னார்.

நீ கொடுத்தாயா என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமையே சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் நின்றேன். அறுபத்தாறு வயசு, எடுக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆனால் எடுக்கிற வயசில் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்னால் என் கூட்டாளி ஒருத்தன் அரிசி மில் பெல்ட்டில் கை சிக்கி இதே மாதிரி ரத்தம் வேண்டிக் கிடந்தபோது, வெற்றிலை வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று வெளியே வந்து, அப்படியே பின்பக்கமாக வீட்டுக்கு நடந்துவிட்டேன். அவன் பிழைக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் ஒரு கிருத்திகை கிடைத்திருக்கும்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்சா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அசையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். முகம் கஞ்சியில் போட்ட துணி மாதிரி வெளுத்திருந்தது.

"யாரும் வரலியா மாமா?" என்றாள்.

"வருவாங்க."

"பொய் சொல்லாதீங்க மாமா. அவரு மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." சுவரைப் பார்த்தபடியே, "கடசியா அடிச்ச பொடவல பூ வேல முடியல. முந்தி பாதில நிக்குது. வேற யாரையாவது வெச்சி முடிச்சிடச் சொல்லுங்க" என்றாள். சாகிறவள் பேசுகிற பேச்சு. நான் வெளியே வந்துவிட்டேன்.

பூவராகவன் அன்றைக்குக் காலையில் கொடுத்திருந்தான். அவனுடையதும் சேரவில்லை. சுவரோரம் குந்தி, கொடுத்த கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். அன்னம்மாள் வராந்தாவைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். ஐஸ் பெட்டியில் அம்சாவுக்குச் சேருகிற பாட்டில் ஒன்றே ஒன்று இருக்கிறது என்று அவள்தான் சொன்னாள். யாருடையது என்று கேட்டேன். "என்னுதுதான், போன வாரம் குடுத்தேன்" என்றாள்.

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டே ரத்தத்தை விற்கிறவள் போலிருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததை மனசுக்குள் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"இன்னா குடுக்கறாங்க ஒரு பாட்டிலுக்கு?"

"ஒரு காப்பி. சக்கர கம்மியா இருக்கும்."

"வெளையாடாதம்மா."

"நீங்கதான பெரியவரே கேட்டீங்க?" துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள். "பதினோரு வாட்டி குடுத்திருக்கறேன். நாலு மாசத்துக்கு ஒரு தபா. மொத தபா குடுத்தப்ப எங்க சாமியாரம்மா சொன்னாங்கன்னு குடுத்தேன். இப்ப யாரும் சொல்றதில்ல."

"அப்பறம் இன்னாத்துக்குக் குடுக்கற?"

"தெனம் இந்த வராந்தாவ நான்தான் கழுவறேன். இந்த மாதிரி குந்திக்கினு இருக்கறவங்க மூஞ்சிய ஒரு நாளு பாத்தா மறந்துடலாம். தெனம் பாத்தா முடியல." பூவராகவனைக் கண்ணால் காட்டினாள். "நீங்க இன்னா பண்றீங்க, கொட்ட ஆரம்பிச்ச அப்பறம் தெருவுக்கு ஓடறீங்க. ஒருத்தன இஸ்துக்கினு வந்து, எடுத்து, சோதிச்சி, சேருதான்னு பாத்து ஏத்தறதுக்குள்ள கொட்றவ இருக்க மாட்டா. பொட்டில இருந்தாத்தான் ஆச்சி. பொட்டிலயும் மூணு வாரத்துக்கு மேல தாங்காது. யாராவது குடுத்துக்கினே இருக்கணும். உங்க தெருவுல நூறு ஆம்பளைங்கன்னீங்களாமே? எனக்குத் தெரிஞ்சி ஒருத்தரும் இந்தப் படி ஏறினதில்ல."

ராஜவேலு ஏறினானே, விழுந்து புருவம் கிழிந்ததுதான் மிச்சம் என்றேன்.

"காலைல இன்னா துன்னுட்டு வந்தாரு அவரு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின ராத்திரி சாப்பிட்டது. விடியற்காலை நாலரையிலிருந்து பாவில் நின்று, பச்சைத்தண்ணீர் குடிக்காமல், ரெண்டு மைல் வெயிலில் நடந்து வந்து படுத்தவன். பாவு விரதத்தோடு ரத்தம் கொடுக்க உலகத்தில் எங்கள் ஜனத்தைத் தவிர எவன் போவான்?

"பட்டினியா வந்து வுழுந்துட்டு ஊசியத் திட்டினா எப்பிடி? அந்தக் காப்பியக் குடிச்சி அர மணி நேரம் குந்தியிருந்தாக்கூட வுழுந்திருக்க மாட்டாரு" என்றாள். என் மூஞ்சியைப் பார்க்காமல்தான் சொன்னாள். "அவரு ரத்தம் வீணாப் போயிடிச்சின்னு உங்க ஜனங்க பேசிக்கறாங்களாம். அன்னிக்கி சாயங்காலமே ஏத்திட்டோம். லாரி இடிச்ச ஆளு. அதோ குந்திக்கினு பன்னு துன்றான் பாருங்க."

பார்த்தேன். தலையில் கட்டோடு ஒருத்தன் பன்னைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். அவன் பேர்கூட எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் ராஜவேலு வீட்டுக்கு மட்டும் போனேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவன் புருவத்துப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை கோதண்டபாணி பாவு. பூவராகவன் ஆஸ்பத்திரியில். மற்றபடி கை வைக்க வேண்டியவன் எல்லாம் வந்திருந்தான். துரைக்கண்ணுவும் கக்கூஸிலிருந்து வந்திருந்தான். அரக்கு நிறப் பாவு, மூன்று கல்யாணப் புடவைக்கானது. கஞ்சி தெளித்தார்கள். நான் பிரஷை எடுத்து மேற்கு முனையிலிருந்து நீவிக்கொண்டு வந்தேன். சரியாகப் பாதித் தெருவில், பிரஷைத் தரையில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இன்னா ராமலிங்கம், கை வலிக்குதா?" என்றார் கோதண்டபாணி.

"மணி அஞ்சேகால் ஆவுது. பத்து மணிக்கு அம்சாவுக்குக் கத்தி வெக்கப் போறாங்க. ஒரு பாட்டில் இருக்குது, ரெண்டு கொறையுது. யார் யார் வர்றீங்கன்னு சொல்லுங்க. அப்பறம் மிச்சத்த நீவறேன்."

"அத அப்பறம் பேசிக்கலாம்யா. ஈரத்துல நிக்குது பாவு."

"அப்பறம்னா எப்ப? அவளப் பொதைக்கச் சொல்லோ பேசலாமா? அதுக்கு மட்டும் கூப்பிடாமயே வருவீங்க. பறை அடிக்கறதுக்கு முன்னாடி வந்து பந்தல்ல குந்திக்குவீங்க."

"பெரீப்பா, பாவுல நின்னுக்கினு அந்தப் பேச்சு பேசாதீங்க" என்றான் ஒருத்தன்.

"எங்க நின்னு பேசறது? முந்தாநேத்து உங்க வூட்டுல வந்து நின்னேன். நீ நூலில்லாத நாடாவத் தள்ளிக்கினு இருந்த."

யாரோ சிரித்து அடக்கினார்கள். காற்று லேசாக வீச ஆரம்பித்தது. நீவாத பாதியில் இழைகள் ரெண்டு மூன்றாகச் சேர்ந்து ஒட்டத் தொடங்கியது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. கோதண்டபாணி குனிந்து பிரஷைத் தானே எடுத்தார். ரெண்டு இழுப்பு இழுத்தார். இழை எழுந்துகொண்டது. கீழே வைத்துவிட்டார். ஐம்பது வருஷமாக நீவாத பாவைக் காயவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றவன் இல்லை நான். ஆனாலும் நின்றேன்.

அப்போது ராஜவேலு இழையிலிருந்து கையை எடுத்துவிட்டு நடுத்தெருவுக்கு வந்தான். புருவத்தில் பிளாஸ்திரி.

"நான் வுழுந்தது ரத்தம் குடுத்ததால இல்ல. இதே மாதிரி பட்டினியா நின்னுட்டுப் போயிப் படுத்தேன். அந்தம்மா காப்பி குடுத்திச்சி. அது கையால குடிக்க வாணான்னு ஏந்து வந்துட்டேன். அதான் வுழுந்தேன். மூணு நாளா வெக்கமா இருந்திச்சி, சொல்லல." நிறுத்தி, மூக்கை உறிஞ்சினான். "அதுக்குள்ள நீங்க என்னிய வெச்சி ஒரு பொம்பளைய சாவடிக்கப் பாக்கறீங்க."

லோகாம்பாள் தன் வீட்டுக்குள்ளிருந்து கேழ்வரகுக் கூழ்க் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மருமகளுக்குக் கொண்டுபோகக் காய்ச்சியது. நேராகப் போய் முதலில் நின்ற துரைக்கண்ணுவிடம் சொம்பை நீட்டினாள்.

"குடி."

"பாவு முடியலியே அண்ணி."

"அறுந்தா நான் கட்டிக் குடுக்கறேன். குடிச்சிட்டு ராமலிங்கம் அண்ணங்கூடக் கெளம்பு."

துரைக்கண்ணு கோதண்டபாணியைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் இழையைப் பிடித்துக்கொண்டே மறு கையால் சொம்பை வாங்கிக் குடித்தான். மீசையெல்லாம் கூழ். இழை ஒன்றும் அறுந்துபோகவில்லை. லோகாம்பாள் அடுத்தவனிடம் போனாள். நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். கண்ணாயிரம் அவள் நீட்டுவதற்கு முன்னாலேயே கையை நீட்டினான். நான் பிரஷை எடுத்தேன். அவ்வளவு வேகமாக என் ஆயுசில் நான் நீவியதில்லை.

எட்டு பேர் வந்தார்கள். கோதண்டபாணியும் வந்தார், கொடுப்பதற்கு இல்லை. எட்டில் ரெண்டு பேர் ரத்தம் சேர்ந்தது. துரைக்கண்ணுவுடையது, கண்ணாயிரத்துடையது. மற்ற ஆறு பேரும் நமக்கு வேலை இல்லை என்று எழுந்தார்கள். கதவண்டை போய் நின்றுகொண்டேன்.

"குந்துடா. உன்னுது அம்சாவுக்குச் சேரலன்னா இன்னொருத்திக்குச் சேரும். அன்னம்மா யாருக்குன்னு கேட்டா குடுத்திச்சி?"

ஒருத்தன் மட்டும் என் அக்குளுக்குக் கீழே குனிந்து ஓடிவிட்டான். ஐந்து பேர் உட்கார்ந்தார்கள்.

ஒன்பதரைக்கு அம்சாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். அன்னம்மாள் மூன்று பாட்டிலையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். கோதண்டபாணி குறுக்கே வந்து நின்றார்.

"ரெண்டு நம்ம பசங்களுது. இன்னொண்ணு யாருது?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நான் வாயைத் திறப்பதற்குள் அன்னம்மாளே சொன்னாள்.

"என்னுது."

அவர் நகரவில்லை. அவள் தட்டை இறக்காமல், குரலை உயர்த்தாமல் பேசினாள்.

"வாணான்னா இப்பவே சொல்லிடுங்க. அந்த வார்டுல மூணாவது கட்டில்ல ஒருத்தி காத்துக்கினு இருக்கா. அவ யாருதுன்னு கேக்க மாட்டா."

வண்டியில் கிடந்த அம்சா கண்ணைத் திறந்தாள். உதட்டில் ஈரம் இல்லை. "பெரிய மாமா, வழிய வுடுங்க" என்றாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. லோகாம்பாள் தன் வயசுக்கும் முறைக்கும் செய்யக் கூடாததைச் செய்தாள். கோதண்டபாணியின் தோளில் கையை வைத்து ஓரமாகத் தள்ளினாள்.

"நீ எடுத்துக்கினு போம்மா" என்றாள் அன்னம்மாளிடம்.

மூன்று பாட்டிலும் ஏறியது. டாக்டர் பயந்த மாதிரியேதான் கொட்டியிருக்கிறது. மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் கொண்டுவந்திருக்க முடியாது என்று வெளியே வந்து சொன்னாள். குழந்தை பெண். கோழிக்குஞ்சு கணக்கில் இருந்தது. பிழைத்துக்கொண்டது. கோதண்டபாணி வேப்பமரத்தடியில் பன்னிரண்டு மணி வரை நின்றிருந்துவிட்டு, பூவராகவனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஐந்து மாசம் கழித்து, ஐப்பசி மழையில், அன்னம்மாள் சொல்லி அனுப்பினாள். பெட்டியில் ரெண்டு பாட்டில்தான் இருக்கிறதாம். மறுபடி வீடு வீடாக ஏறினேன். "அம்சா நல்லாத்தான இருக்கறா?" என்று கேட்டான் ஒருத்தன். அவள் அவன் எதிரில்தான் தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்தாள். "அதான் ஒரு தபா குடுத்தாச்சே" என்றான் இன்னொருத்தன், ஆயுசுக்கும் ஒரு வேளை சாப்பிட்டால் போதும் என்கிற மாதிரி. யாருக்கு என்று பேரைச் சொன்னால் வருகிறேன் என்றான் மூன்றாமவன். பேர் தெரிந்த பிறகு வந்து கிழித்த லட்சணம்தான் பார்த்தோமே என்றேன். கதவைச் சாத்திக்கொண்டான். ஒரு பொம்பளை சாகக் கிடந்தபோது எட்டு பேர். ஒருத்தியும் சாகவில்லை என்றதும் நாலு பேர். இந்த ஜனத்தை என்னவென்று சொல்வது?

பூவராகவன், ராஜவேலு, கண்ணாயிரம், அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒருத்தன், கோதண்டபாணியின் இளைய மகன். அவர் வரவில்லை. ஆனால் காலையில் அவனை உட்காரவைத்து, ரெண்டு தரம் சோறு போடச் சொல்லி அனுப்பியிருக்கிறார். மழையில் நனைந்துகொண்டு நாலு பேரும் என் பின்னால் வந்தார்கள். ரத்தம் எடுக்கிற அறைக்கு வெளியே, வராந்தாவில், சுவரை ஒட்டி நீளமாக ஒரு மரப் பெஞ்சி. ஒரு முனையில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

முதலில் கொடுத்துவிட்டு வந்த ராஜவேலு, பாட்டிலில் பேப்பர் ஒட்டிக்கொண்டிருந்த அன்னம்மாளைக் கேட்டான்.

"இது யாருக்கும்மா போவும்?"

"அவ இன்னும் வரல" என்றாள் அன்னம்மாள்.

பெட்டிக்குள் வைத்து மூடினாள். அடுத்தவனை வரச் சொன்னாள். கண்ணாயிரம் எழுந்து போனான். நான் பெஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல தேக்கு. இன்னும் எட்டு பேர் தாராளமாக உட்காரலாம்.